வாடி எங்கே போட்டாலும் வலை நம்முடையது

மன்னார் உப்புக்குளத்துச் சங்கம் ஒன்று தன் பதிவேடுகளை இணையத்தில் ஏற்ற நினைத்தால் எங்கே இடம் பிடிப்பது? எவ்வளவு செலவாகும்? எதை நம்பலாம்?

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில், வடக்கிலிருந்த முஸ்லிம் மக்கள் ஊரைவிட்டு வெளியேற வேண்டும் என்று விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் 70,000க்கு மேற்பட்டவர்கள் போனார்கள். அதில் பெரும் பங்கு மன்னார் மாவட்டத்தவர். மன்னார்த் தீவிலிருந்தவர்களில் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். உப்புக்குளத்தின் தெருக்கள் அப்படித்தான் வெறிச்சோடின. அதே காலத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமன்னார்ப் பக்கமிருந்து இராமேஸ்வரத்துக்குப் படகேறின. மடுத் தேவாலயத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் தஞ்சமடைந்தார்கள். எந்தத் திசையில் போனாலும் பின்னால் விடப்பட்டவற்றில் காகிதங்களும் இருந்தன. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடப் பதிவேடு, சங்கத்தின் கணக்குப் புத்தகம் எல்லாம் போயின. ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தவர்களிடம் அலுவலகங்கள் கேட்டதும் அந்தக் காகிதங்களைத்தான்.

2012இல் உப்புக்குளம் கோந்தைப்பிட்டி இறங்குதுறையை யார் பயன்படுத்துவது என்ற தகராறு நீதிமன்றம் வரை போனது. இப்படிப்பட்ட ஊரில் பதிவேடு என்பது அலங்காரம் அல்ல. அது உரிமையின் கைப்பிடி. எந்தக் குடும்பம் எப்போது திரும்பி வந்தது, எந்தச் சங்கத்தில் யார் உறுப்பினர், எந்தப் பருவத்தில் என்ன மீன் பட்டது, கடலரிப்பு எந்த ஆண்டு எதுவரை வந்தது என்று எழுதி வைக்கப்படாத ஊருக்காக வேறு யாரோ எழுதிவிடுவார்கள்.

அதனால்தான் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் சனசமூக நிலையங்களும் தம் பதிவுகளை இணையத்தில் ஏற்ற நினைப்பது நல்ல செய்தி. ஆனால், முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வி எழும்: தளத்தை எங்கே வைப்பது? மலிவாக இருக்க வேண்டும், படுத்துவிடவும் கூடாது. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது.

சிலாபம், நீர்கொழும்புப் பக்கமிருந்து பருவத்துக்கு மன்னார்க் கரைக்கு வரும் மீனவர்கள் வாடி என்னும் தற்காலிகக் குடில் போட்டுத் தொழில் செய்வார்கள். காற்று மாறினால் வாடியைப் பிரித்துவிட்டுப் படகோடும் வலையோடும் அடுத்த கரைக்குப் போவார்கள். தளத்துக்கு நாம் வாடகைக்கு எடுக்கும் இடமான ஹோஸ்டிங் அந்த வாடிதான். அது நல்ல கரையாக இருக்க வேண்டும் என்று தேடுவது சரி. ஆனால் பிரிக்கும் நாள் வரும் என்று தெரிந்தே போட வேண்டும். அன்றைக்கு வலை, அதாவது நம் பதிவுகள், நம் கையில் இருக்க வேண்டும்.

முன்னே நடந்தவர்கள்

இலாப நோக்கமற்ற தரவுத்தளத் தளங்கள் இலங்கைக்குப் புதியவை அல்ல. 2004 டிசெம்பர் 26 கடல்கோளுக்குப் பிறகு சில நாட்களிலேயே கொழும்பில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷனைச் சுற்றியிருந்த தன்னார்வக் கணினியாளர்கள் 'சஹானா' என்ற மென்பொருளை எழுதத் தொடங்கினார்கள். காணாமற்போனவர்கள் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே வேலை செய்கிறது, என்ன உதவி எங்கே தேவை என்று பதியும் தரவுத்தளம் அது. பிஎச்பி மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தள மென்பொருளும் கொண்டு கட்டினார்கள். திறந்த மூலமாக விட்டார்கள். அதனால் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும் 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவுக்கும் 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்துக்கும் அது போய்ச் சேர முடிந்தது. எந்த நிறுவனத்தின் வழங்கியிலும் (சேர்வர்) நிறுவலாம், எங்கிருந்தும் கழற்றி எடுக்கலாம் என்பதுதான் அதன் பலம். 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை அமெரிக்காவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சஹானாவுக்கு வழங்கியது.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு நூலகம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்தக் காயம் ஆறாத சமூகத்திலிருந்து தி. கோபிநாத், மு. மயூரன் ஆகிய இளைஞர்கள் 2005இல் இணையத்தில் நூலகம் திட்டத்தைத் தொடங்கினார்கள். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரமும் குமார் மல்லிகார்ஜுனனும் தொடங்கிய மதுரைத் திட்டம் அவர்களுக்கு முன்னோடி. இன்று நூலகம் நிறுவனத்தின் தளத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள் இருக்கின்றன. விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளில்தான் அது இயங்குகிறது. ஒளிப்படம், ஒலிப்பதிவு, ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு 'ஆவணகம்' என்ற தளத்தைத் தனியே வைத்தார்கள். அது ஐலண்டோரா மென்பொருளில் இயங்குகிறது.

இந்த அமைப்பில் ஒரு பாடம் இருக்கிறது. நூலைப் பற்றிய விவரம், அதாவது தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பகுப்பு எல்லாம் தரவுத்தளத்தில் இருக்கும். நூலின் பக்கங்கள் பிடிஎவ் கோப்புகளாகத் தனியே இருக்கும். தரவுத்தளம் பெரும்பாலும் சிறியது, கோப்புகள்தான் பெரியவை. 5,000 உறுப்பினர் பதிவுகள் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். படத்துக்கு 5 மெகாபைட் வீதம் 1,000 படங்களை ஏற்றினால் 5 கிகாபைட். ஹோஸ்டிங் தேடும் சங்கம் முதலில் இந்த இரண்டையும் பிரித்து எண்ணிப் பார்க்க வேண்டும். பல நேரங்களில் தேவையானது சிறிய வழங்கியும் பெரிய கிடங்கும்தான். விலை கூடிய பெரிய வழங்கி அல்ல.

மலிவு என்றால் எவ்வளவு?

விளம்பரத்தில் மாதம் 3 டொலர் என்று போட்டிருப்பார்கள். அந்த விலை பெரும்பாலும் முதல் தவணைக்கு மட்டும். அதுவும் இரண்டு, மூன்று ஆண்டுக் காசை முன்கூட்டியே கட்டினால்தான். புதுப்பிக்கும்போது மூன்று, நான்கு மடங்காகிவிடும். ஆகவே ஒப்பிட வேண்டியது புதுப்பிப்பு விலையை. அதுவும் ஐந்து ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்து.

அடுத்தது டொலர். மாதம் 10 டொலர் வீதம் ஆண்டுக்கு 120 டொலர் என்று வைத்துக்கொள்வோம். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயை ஒட்டி இருந்தபோது அது 24,000 ரூபா. அதே ஆண்டு மே மாதம் டொலர் 360 ரூபா வரை போனபோது 43,000 ரூபாயைத் தாண்டியது. வழங்கி மாறவில்லை, சேவை மாறவில்லை. சங்கத்தின் சந்தாவும் மாறவில்லை. பில் மட்டும் ஏறியது. அந்த மாதங்களில் வெளிநாட்டுக் கொடுப்பனவே பலருக்கு முடியாத காரியமாக இருந்தது. டொலரில் கட்டும் எதற்கும் ஓராண்டுக் காசைக் கையிருப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது 2022 நமக்குக் கற்பித்தது.

மூன்றாவது, நமக்குத் தெரியாமல் மேலே நடக்கும் வியாபாரம். பகிர்வு ஹோஸ்டிங் விற்கும் ஏராளமான நிறுவனங்கள் 'சிபேனல்' என்ற கட்டுப்பாட்டு மென்பொருளை நம்பியிருந்தன. 2018இல் அதை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது; 2019இல் ஒவ்வொரு கணக்குக்கும் இவ்வளவு என்று கட்டண முறையை மாற்றியது. ஹோஸ்டிங் விற்றவர்கள் அந்தச் சுமையை வாடிக்கையாளர் தலையில் இறக்கினார்கள். அதே 2019இல், தொண்டு நிறுவனங்கள் பெரிதும் பயன்படுத்தும் '.ஓஆர்ஜி' இணைய முகவரிகளை நிருவகிக்கும் அமைப்பை 113.5 கோடி டொலருக்கு ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்திடம் விற்க முயன்றார்கள். உலகெங்கும் தொண்டு அமைப்புகள் எதிர்த்தன. 2020 ஏப்ரல் 30 அன்று, இணைய முகவரிகளை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பு அனுமதி மறுத்தது. மன்னாரில் இருக்கும் ஒரு சிறு சங்கத்தின் முகவரிக்கும் அந்த விற்பனைக்கும் தொடர்பு உண்டு என்பது பலருக்குத் தெரியாமலே போயிற்று.

குறைந்த விலைக்கு வழிகளும் பிறந்தன. பாதுகாப்புச் சான்றிதழுக்கு முன்பு ஆண்டுதோறும் காசு கட்ட வேண்டியிருந்தது. 2015 முடிவில் பொதுப் பாவனைக்கு வந்த 'லெட்ஸ் என்கிரிப்ட்' அதை இலவசமாக்கியது. இன்றும் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்கும் நிறுவனம் இருந்தால், ஏன் என்று கேளுங்கள். தாக்குதலுக்கு ஆளாகக்கூடிய பொதுநலத் தளங்களுக்குக் கிளவுட்ஃப்ளேர் 2014இல் தொடங்கிய 'கலிலியோ திட்டம்' இலவசக் காவல் கொடுக்கிறது. கனடாவின் 'டிஃப்ளெக்ட்' சேவையும் அத்தகையதே. அமெரிக்காவில் 501(சி)(3) என்று பதிவான தொண்டு அமைப்புகளுக்கு இலவச ஹோஸ்டிங் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. இங்கே பதிவான சங்கத்துக்கு அது நேரடியாகக் கிடைக்காது; புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கம் ஒன்று அங்கே பதிவாகி இருந்தால், கூட்டாக முயலலாம்.

நம்பிக்கை என்றால் என்ன?

'99.9 வீதம் இயங்கும்' என்று எல்லாரும் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டால், ஆண்டில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம் படுத்திருந்தாலும் அந்த வாக்குறுதி மீறப்படவில்லை. 99 வீதம் என்றால் மூன்றரை நாளுக்கு மேல். வாக்குறுதி மீறப்பட்டாலும் கிடைக்கும் இழப்பீடு பெரும்பாலும் அந்த மாத வாடகையில் ஒரு பகுதிதான். ஒரு சங்கத்தின் தளம் இரவில் மூன்று மணி நேரம் படுத்தால் யாருக்கும் பெரிய இழப்பில்லை. நாம் அஞ்ச வேண்டியது வேறு: எழுந்து வராமலே போவது.

அது கற்பனை அல்ல. 2021 மார்ச் 10 அதிகாலை பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுதாக அழிந்தது. 36 இலட்சம் இணையத்தளங்கள் முடங்கின. அந்த நிறுவனமே எங்காவது பிரதி வைத்திருக்கும் என்று நம்பியிருந்த பலர் எல்லாவற்றையும் இழந்தார்கள். 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசின் தரவு மையம் எரிந்தது. அரச ஊழியர்கள் பயன்படுத்திய சேமிப்பகத்தில் 858 டெராபைட் தரவு அழிந்தது; வேறிடத்தில் அதற்குப் பிரதி இல்லை. தொழில்நுட்பத்தில் உலகின் முன்வரிசையில் இருக்கும் நாடு அது.

நம் நாட்டிலும் நடந்தது. 2023 ஓகஸ்ட் இறுதியில் லங்கா அரச கிளவுட் மீது நடந்த மீட்புத்தொகைத் தாக்குதலில் ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகத்தின் கணக்குகளும் அவற்றில் அடக்கம். மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குப் பிரதி இல்லாததால், அந்தத் தரவை மீட்க முடியவில்லை. பழைய மென்பொருளை உரிய நேரத்தில் புதுப்பிக்காததும் ஒரு காரணம்.

இவை மூன்றும் சிறிய அமைப்புகள் அல்ல. குறைந்தது ஒன்றே: வேறிடத்தில் இருக்கும், திறந்து சோதிக்கப்பட்ட பிரதி. அதற்குப் பெரிய பணம் வேண்டாம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில் என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக நூலகம் 1999இல் தொடங்கிய 'லொக்ஸ்' திட்டத்தின் அடிப்படையும் இதுதான்: ஒரே ஒரு பாதுகாப்பான பிரதியைவிடப் பல இடங்களில் பல பிரதிகள் இருப்பதே காப்பு.

எந்தக் கரை?

தரவுத்தளத் தளம் என்பது பக்கங்களை ஒவ்வொன்றாக எழுதி வைப்பதில்லை. விவரங்களை அட்டவணைகளில் வைத்திருக்கும். வாசகர் ஒரு பெயரைத் தேடினால் அந்த நேரத்தில் அட்டவணையைக் கேட்டுப் பக்கத்தைத் தொகுத்துக் கொடுக்கும். வேர்ட்பிரஸ், டுரூபல், மீடியாவிக்கி, நூலகங்களுக்கான கோஹா எல்லாம் இப்படித்தான். ஆகவே இடம் மட்டும் போதாது. தரவுத்தளத்தை ஓயாமல் இயக்கும் வழங்கியும் வேண்டும். இதற்கு ஐந்து வழிகள் உண்டு.

முதலாவது பகிர்வு ஹோஸ்டிங். ஒரே வழங்கியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். பக்கத்துத் தளத்துக்குக் கூட்டம் வந்தால் நம் தளமும் மெதுவாகும். தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்ற வெள்ளைப் பக்கம் சில நேரம் தெரியும். ஆனால் வழங்கியின் பராமரிப்பு நிறுவனத்தின் பொறுப்பு. கணினி நிருவாகி இல்லாத சங்கத்துக்கு, தினமும் பிரதி எடுக்கும் ஒரு நல்ல பகிர்வு ஹோஸ்டிங் போதும். ஒருமுறை தொகுத்த பக்கத்தைச் சேமித்து வைத்துத் திரும்பக் கொடுக்கும் கேஷ் வசதியைப் போட்டால், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

இரண்டாவது விபிஎஸ் எனப்படும் தனிப்பங்கு வழங்கி. மாதம் 5, 6 டொலருக்கே கிடைக்கிறது. வேகமும் சுதந்திரமும் உண்டு. ஆனால் இயங்குதளத்தைப் புதுப்பிப்பது, ஊடுருவலைத் தடுப்பது, தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்வது எல்லாம் நம் தலையில். ஆர்வமுள்ள ஒரு இளைஞர் நிறுவிக் கொடுப்பார். அவர் படிக்க யாழ்ப்பாணத்துக்கோ வேலைக்குக் கட்டாருக்கோ போன பிறகு கேட்பாரற்றுக் கிடக்கும். பிஎச்பி 7.4 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரில் நின்றன. அதற்குப் பிறகும் அதிலேயே ஓடும் தளங்கள் கதவு திறந்து கிடப்பவை. பார்த்துக்கொள்ள இரண்டு பேராவது இல்லையென்றால் விபிஎஸ் வேண்டாம்.

மூன்றாவது உள்நாட்டு நிறுவனம். ரூபாயில் பில் வரும், வங்கியில் கட்டலாம், தொலைபேசியில் பேசலாம், ரசீதைக் கணக்காய்வாளரிடம் காட்டலாம். சிறு சங்கத்துக்கு இவை சின்ன வசதிகள் அல்ல. ஆனால் ஒன்றை விசாரிக்க வேண்டும். சில சிறு நிறுவனங்கள் வெளிநாட்டு வழங்கியில் மொத்தமாக இடம் எடுத்துச் சில்லறையாக விற்பவை. அவர் தன் பில்லைக் கட்டத் தவறினால் நம் தளம் போய்விடும்.

நான்காவது, நம் அலுவலகத்திலேயே வைப்பது. 2020 முடிவில் தொடங்கிய 100 மெகாவாட் தம்பபவனி காற்றாலை மன்னார்த் தீவில்தான் சுழல்கிறது. ஆனாலும் 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது தீவும் இருண்டது. உப்புக்காற்று கணினியின் செம்பையும் இரும்பையும் அரிக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளம் மன்னாரையும் விட்டுவைக்கவில்லை. பொதுமக்கள் பார்க்கும் வழங்கியை இங்கே வைப்பது பொருத்தமில்லை. பிரதியை இங்கே வைப்பது மிகவும் பொருத்தம். அதற்கு இருபத்துநான்கு மணி நேர மின்சாரம் தேவையில்லை.

ஐந்தாவது வழியை நம் சங்கங்கள் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் பலருக்கு அதுதான் சரி. எழுதும் இடத்தையும் காட்டும் இடத்தையும் பிரிப்பது. தரவுத்தளத்தை அலுவலக மடிக்கணினியில் வைத்து உறுப்பினர்கள் பதிவேற்றுவார்கள். வாரம் ஒருமுறை அதிலிருந்து வெறும் பக்கங்களைத் தொகுத்து, கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் வைப்பார்கள். ஒரு கிகாபைட் வரை அங்கே வைக்கலாம். வெளியே இருப்பது வெறும் பக்கங்கள் என்பதால், உடைத்துப் புகத் தரவுத்தளம் அங்கே இல்லை. வாரம் ஒருமுறை மாறும் உறுப்பினர் பட்டியல், மீன்பாட்டுக் கணக்கு, பழைய படங்களின் தொகுப்பு ஆகியவற்றுக்கு இது தாராளம். வாசகர்களே பதிவு செய்ய வேண்டிய, அல்லது நன்கொடை செலுத்த வேண்டிய தளத்துக்கு மட்டும் இது போதாது.

முகநூல் பக்கம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அரசு சமூக ஊடகங்களை நாடு முழுவதும் முடக்கியது. அதைவிட முக்கியமாக, அங்கே போட்டவற்றை அட்டவணையாகத் தேட முடியாது. செய்தி சொல்ல முகநூல் நல்லது. பதிவேடு வைக்க அல்ல.

முகவரி யார் பெயரில்?

ஹோஸ்டிங்கை மாற்றலாம், இணைய முகவரி போனால் ஊரே தேடி வராது. ஆனாலும் நம் சங்கங்களில் முகவரி பெரும்பாலும் தன்னார்வலர் ஒருவரின் சொந்த மின்னஞ்சலில், டொரொன்டோவிலோ லண்டனிலோ உள்ள உறவினரின் கடனட்டையில் பதிவாகிறது. மனக்கசப்போ மரணமோ, அட்டை காலாவதியாவதோ எதுவானாலும் முகவரியும் போகிறது. '.ஓஆர்ஜி' முகவரி காலாவதியானால் மீட்க 30 நாள் மீட்புக் காலம் உண்டு. அதற்குக் கட்டணம் பல மடங்கு. அதுவும் கடந்தால் உலகில் யாரும் அதை வாங்கலாம். சூதாட்டத் தளமாக மாறிப்போன தொண்டு நிறுவன முகவரிகள் ஏராளம்.

'.ஓஆர்ஜி'யைப் பத்து ஆண்டு வரை ஒரே தடவையில் பதியலாம். நல்ல நன்கொடை வந்த ஆண்டில் அதைச் செய்துவிடுவது புத்தி. '.எல்கே'யும் 2010இலிருந்து தமிழிலேயே கிடைக்கும் '.இலங்கை'யும் எல்கே டொமைன் பதிவகத்தின் கீழ் வருகின்றன. எதை எடுத்தாலும் சங்கத்தின் பெயரில், சங்கத்தின் மின்னஞ்சலில், சங்கத்தின் அஞ்சல் முகவரியில் எடுக்க வேண்டும். ஹோஸ்டிங் விற்பவரிடமே முகவரியையும் வாங்கினால், பிரியும்போது அவர் இழுத்தடிக்கலாம். இரண்டையும் வேறு வேறு இடத்தில் வாங்குவது பாதுகாப்பு.

எதை ஏற்றக் கூடாது?

வழங்கியில் வைப்பது எல்லாம் ஒருநாள் வெளியே வரலாம் என்று நினைத்துத்தான் வைக்க வேண்டும். உதவி பெற்ற விதவைகளின் பட்டியல், காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்ப விவரம், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு, நோய் விவரம் ஆகியவை பொதுத்தளத்தின் தரவுத்தளத்தில் இருக்கவே கூடாது. மறைத்து வைத்த பக்கம் என்று ஒன்று இல்லை. தரவுத்தளம் களவு போனால் மறைத்ததும் சேர்ந்துதான் போகும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறரின் விவரங்களை வைத்திருப்பவர்களுக்கான கடமைகளை வகுக்கிறது. சட்டத்துக்கு முன்பே மனச்சாட்சி அதைச் சொல்லும். இந்த மண்ணில் ஒரு பட்டியல் தவறான கையில் சிக்கினால் என்ன நடக்கும் என்பதை யாரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

பெட்டிச் செய்தி: காசு கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. புதுப்பிக்கும்போது என்ன விலை? வரி சேர்ந்ததா?
2. பிரதி எத்தனை நாளுக்கு ஒருமுறை, எந்த ஊரில்? நாமே இறக்கிக்கொள்ள முடியுமா? மீட்டுத்தரத் தனிக் கட்டணமா?
3. பிஎச்பி, தரவுத்தளம் ஆகியவற்றின் எந்தப் பதிப்பு? எப்போது புதுப்பிப்பார்கள்?
4. 'எல்லையற்ற இடம்' என்றால், கோப்புகளின் எண்ணிக்கைக்கும் தரவுத்தளத்தின் அளவுக்கும் என்ன எல்லை?
5. வழங்கி இருப்பது சிங்கப்பூரிலா, மும்பையிலா, அமெரிக்காவிலா? முதல் இரண்டும் மன்னாருக்கு வேகமாக வரும்.
6. இரவில் தளம் படுத்தால் யாரிடம் சொல்வது? எவ்வளவு நேரத்தில் பதில் வரும்?
7. விலகிப்போக நினைத்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போக வழி என்ன?

ஏழாவது கேள்விக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் மற்ற ஆறும் வீண்.

அடுத்த கூட்டத்தில் செய்யக்கூடியது

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது சிறுமைப்பட வேண்டாம். உலகெங்கும் ஆயிரக்கணக்கான நூலகங்கள் பயன்படுத்தும் கோஹாவை நியூசிலாந்தின் ஹொரோவெனுவா என்ற சிறு பிரதேசத்தின் நூலக அறக்கட்டளை 1999இல் உருவாக்கியது. அவர்களிடமிருந்த பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டாது. புதியதை வாங்கப் பணம் பற்றாது. கிளைகளுக்கிடையே சாதாரணத் தொலைபேசிக் கம்பிதான் இருந்தது. அந்தக் கம்பியிலேயே ஓடும்படி எழுதவைத்தார்கள், எழுதியதை உலகுக்கே கொடுத்தார்கள். தேவை தெளிவாக இருந்தால் சிறிய ஊரும் பெரிய வேலை செய்யும்.

சங்கம் ஒன்று நாளைக்கே தொடங்கலாம். நிருவாகக் குழுவில் மூன்று பேரை நியமியுங்கள். ஒருவர் போனாலும் இருவர் மிஞ்ச வேண்டும். எல்லாக் கடவுச்சொற்களையும் எழுதி உறையிலிட்டுப் பொருளாளரின் பெட்டியில் வையுங்கள். ஒவ்வொரு மாதமும் முதல் வெள்ளிக்கிழமையோ ஞாயிறோ, உங்களுக்கு வசதியான நாளில், தரவுத்தளத்தையும் கோப்புகளையும் இறக்குங்கள். தரவுத்தளத்தைக் கையாளும் பிஎச்பிமைஅட்மின் மென்பொருளில் 'எக்ஸ்போர்ட்' என்ற பொத்தானை அமுக்கினால் தரவுத்தளம் முழுவதும் ஒரே கோப்பாக வரும். கணினி அறிந்த எந்த உயர்தர மாணவியும் இதைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு பிரதி உப்புக்குளத்தில் இருக்கட்டும். ஒன்று தீவுக்கு வெளியே, வவுனியாவிலோ புத்தளத்திலோ நம்பிக்கையான ஒருவரிடம். மூன்றாவது வெளிநாட்டில். பொதுவில் வைக்கத்தக்க நூல்களையும் இதழ்களையும் நூலகம் நிறுவனத்திடமும் கொடுங்கள்.

ஆண்டுக்கு இருமுறை இன்னொரு காரியம் செய்யுங்கள். அந்தப் பிரதியை ஒரு பழைய மடிக்கணினியில் ஏற்றி, இணையத் தொடர்பில்லாமல் தளத்தை எழுப்பிப் பாருங்கள். எக்ஸ்ஏஎம்பிபி என்ற இலவச மென்பொருள் அதற்குப் போதும். ஒரு பெயரைத் தேடுங்கள். பதிவு வந்தால், உங்கள் தளம் பாதுகாப்பாக இருக்கிறது. வழங்கி எந்த நாட்டில் இருந்தாலும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. வரவில்லையென்றால், அதிக விலை கொடுத்து வாங்கிய ஹோஸ்டிங்கும் உங்களைக் காப்பாற்றாது. சங்கத்தின் ஆண்டறிக்கையில் வரவு செலவுக்குப் பக்கத்தில் இந்தச் சோதனையின் முடிவையும் ஒரு வரியாக எழுதுங்கள். உறுப்பினர்கள் அதைக் கேட்டுப் பழகட்டும்.